சிவசக்தியின் ஐஸ் ஊசி

இல்லை, சிவசக்தி ஐஸ் பாவிக்கவில்லை. எவனோடும் ஓடவும் இல்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு ரெங்கம்மா ஆயிரம் பேசட்டும், பொலிஸ் தேடுகிற அந்தப் போதைச் சாமான் என் மருமகள் கைக்கு வந்ததே கிடையாது. அவள் போட்டது மருந்து ஊசி. அதை ஐஸ் பெட்டியில் வைத்தது மட்டும் உண்மை.

அவளுக்குக் கை வீங்குகிற வியாதி. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற கை, விடிந்தால் விரல் மடங்காது. சேலைக் கொசுவத்தைக்கூட நான்தான் செருகிவிடுவேன். அப்படியே எத்தனை நாள்தான் மலைக்குப் போவாள்?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் அந்த ஊசியைக் கொடுத்தார். "உடம்பு தன்னையே கடிக்குதும்மா. அதைத் தடுக்கப் பார்த்துப் பார்த்துச் செஞ்ச புரதம் இது. முட்டை வெள்ளை மாதிரி. சூடு பட்டாலும் கெட்டுரும், உறைஞ்சாலும் கெட்டுரும். குளிர்ல மட்டும் வைங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் லயத்து வீடுகளில் யாரிடம் ஐஸ் பெட்டி இருக்கு? ரோட்டு முடக்கில் கடை வைத்திருக்கிற இத்ரூஸ் நானாதான் சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். ஊசி போடப் போட விரல் இளகியது. ஒருநாள் தலையை அவளே பின்னிக்கொண்டாள்.

"பாருங்க அத்தை, கோணலா இருக்கா?"

"கோணல்தான். உன் புருஷன் மூஞ்சி மாதிரி."

கொழும்பில் கடையில் நிற்கிற என் மகனைத்தான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும்.

கடைக்குப் போனால், "நானா, என் ஐஸ் ஊசியைத் தாங்க" என்பாள். ஐஸ் பெட்டியில் இருக்கிற ஊசிக்கு வேறு என்ன பேர் சொல்வாள்? பக்கத்தில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றாள் ரெங்கம்மா. பொழுது சாய்வதற்குள் மேல் லயம் வரைக்கும் சேதி போய்விட்டது.

பீலிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "வியாதியிலே வீங்கின கைடி அது."

"ஆமா பெரியம்மா, ஐஸ் ஏத்தினா வீங்கத்தானே செய்யும்" என்றாள்.

நானா பயந்துவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. பொலிஸ் வந்தால் கண்ணில் படக்கூடாதென்று ஊசிகளை ஐஸ் கட்டுகிற மேல் தட்டில், மீன் பைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். எடுத்தபோது உறைந்து கல்லாகக் கிடந்தன.

"அதுவும் குளிர்தானேன்னு வச்சேன் பெரியம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இளகினதும் மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "பார்க்க நல்லாத்தான் இருக்கு. வேலை செய்யாது. அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். அவரை என்ன கேட்பது? தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டேன். வீக்கம் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

வெலிமடையில் அவள் அக்கா வீட்டில் ஐஸ் பெட்டி இருக்கு. இனி நானா கடையை நம்ப முடியாது, மருந்து வந்தால் வைக்க வேறு இடம் வேண்டுமே என்றுதான் புறப்பட்டாள். பையை அவள் முழங்கையில் மாட்டிவிட்டேன்.

"மருந்து வந்துச்சுன்னா, கை சரியானதும் வந்துருவேன் அத்தை."

"வரும்" என்றேன். எனக்கென்ன தெரியும்?

கதவுக் கொண்டியை இழுத்துப் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. நான் திறந்துவிட்டேன். பீலிக்கரையில் ரெங்கம்மா குடத்தை வைத்துவிட்டு அந்தப் பையையே பார்த்தாள். அவள் படி இறங்கிப் போனாள்.