முரளியா, ஏழுமலையா: நான் எழுதிக் கொடுத்த தாள்

குத்துச்சண்டைக்காரனின் எதிர்காலத்தைக் கணித்துச் சொல்கிறவர்களை நான் கிளி ஜோசியருக்கும் கீழேதான் வைத்திருக்கிறேன். கிளியாவது கூண்டைவிட்டு வெளியே வந்து ஒரு சீட்டை எடுக்கிறது. இவர்கள் நாற்காலியை விட்டே எழுந்திருப்பதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் ஒருமுறை அப்படிக் கணித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன்.

1. புரமோட்டர் வந்த ஞாயிறு

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் பாக்ஸிங் கிளப் நடந்தது. நான் கோச். பிள்ளைகள் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாதன் என்று ஒரு புரமோட்டர் வந்து இறங்கினார். மெட்ராஸில் டிக்கெட் போட்டு புரொபஷனல் சண்டை நடத்தப்போவதாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு குத்து வாங்கியிராத மூக்கு அவருக்கு. எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுப்பார். இரண்டு வருட கான்ட்ராக்ட், மாதச் சம்பளம், சாப்பாடு.

போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவன் முரளி. கீழ்க்கட்டளையில் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்த நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. உயரம், அழகு, மினுமினுக்கும் டிரவுசர். இன்னொருவன் ஏழுமலை. திருநீர்மலைப் பக்கத்துப் பையன். குரோம்பேட்டையில் ஒரு பேக்கரியில் விடியற்காலையில் மாவு பிசைந்துவிட்டு பிராக்டிசுக்கு வருவான். கட்டைக் கை. முடியில் எப்போதும் மைதா.

முரளிக்கு இந்த கான்ட்ராக்ட் கிடைக்காவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது. ஏழுமலைக்கு அப்படியில்லை. பேக்கரி முதலாளி அவனுக்கு ஆயுத பூஜைவரை கெடு வைத்திருந்தார். அதற்குள் முழு நேர வேலைக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். கான்ட்ராக்ட் வந்தால் மாவை விடுவான். வராவிட்டால் கிளவுஸை விட்டாக வேண்டும்.

இரண்டு பேரையும் மோதவிட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முரளியின் அப்பா விடவில்லை.

"பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம் மாஸ்டர். மூக்கு கோணிப்போச்சுன்னா யார் சார் பொண்ணு குடுப்பாங்க?"

பாக்ஸர் மூக்கில் அடிபடக்கூடாது என்று சொன்ன ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் சரியென்று தலையாட்டினேன். கிளப்பின் கிளவுஸ் மொத்தமும் அவர் வாங்கிக் கொடுத்தது. தினசரி ஸ்பாரிங்கிலும், அதாவது பயிற்சி மோதலிலும், இதே கதைதான். அவர் கொடுத்த கிளவுஸை மாட்டிக்கொண்டு அவர் பிள்ளையை யாரும் ஓங்கி அடிக்கமாட்டார்கள். ஏழுமலையும் தடவித்தான் அனுப்புவான். அதை நான் முரளியின் டிஃபென்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. பை

ஆகவே பஞ்சிங் பேகில் அடிக்கச் சொல்லிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. நாதன் நாற்காலியில் சாய்ந்து, கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்றேன்.

முரளி தலை உயரத்துக்கு அடித்தான். பட் பட் என்று தகரக் கூரை அதிர்ந்தது. நாதன் தொடையில் தாளம் போட்டார்.

ஏழுமலை குனிந்து, பையின் கீழ்ப்பாதியில் அடித்தான். தும், தும். பக்கத்தில் ஒருவர் கடலை மென்றால் போதும், அந்த அடி காதில் விழாது.

"இன்னா மாஸ்டர், இவன் அடிக்கிறானா, தட்டிக் குடுத்துகினு கீறானா?" என்றார் நாதன். முரளியின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

"அஞ்சு வருசம் கழிச்சு யாரு மேல நிப்பான்? எழுத்துல குடுங்க, நீங்கதான எக்ஸ்பர்ட்டு," என்றார் நாதன்.

எக்ஸ்பர்ட் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முரளி: எதிர்காலம் மிகப் பிரகாசம், பவர் அதிகம். ஏழுமலை: உழைப்பாளி, பவர் போதாது. கீழே நீட்டி முழக்கி ஒரு கையெழுத்து.

அவர்கள் போன பிறகு பையை இறக்கினேன். எங்கள் பையில் மணல் கிடையாது. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கழித்துப்போடும் துணி வெட்டுதான் அடைத்திருக்கும். நாளாக ஆக துணி கீழே இறங்கி இறுகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிக் கட்டவேண்டும். மழை, சோம்பல் என்று நான் இரண்டு மாதமாகத் திருப்பவில்லை. மேல்பாதியில் ஒரு குத்து விட்டேன். வெறும் தோல், பட்டென்று சத்தம். கீழ்ப்பாதியில் ஒன்று விட்டேன். கருங்கல். விரல் முட்டி இரண்டு நாள் வீங்கியிருந்தது.

அந்தக் கல்லைத்தான் ஏழுமலை கிழிந்த பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதமாக அடித்திருக்கிறான்.

முரளியோடு கான்ட்ராக்ட் கையெழுத்தாக இன்னும் ஒரு வாரம் இருந்தது. பஸ் ஏறிப் போய், "தப்பா எழுதிட்டேன் சார்" என்று நாதனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. எழுதிக் கொடுத்ததை மாற்றினால் மாஸ்டர் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று ஒரு வீராப்பு. மதிப்பாம், வெங்காயம்.

ஏழுமலை வந்து கேட்டான். "மாஸ்டர், நீங்க இன்னா எழுதினீங்க?"

"உன் பேரத்தான்டா சொன்னேன். அந்த ஆளு கேக்கல."

"செரி மாஸ்டர்," என்றான். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

3. பிரகாசம்

முரளியின் முதல் புரொபஷனல் சண்டைக்கு கார்னரில் துண்டும் தண்ணீருமாக நான்தான் இருந்தேன். நாதஸ்வரம், மாலை, கீழ்க்கட்டளையிலிருந்து இரண்டு வேன் ஆட்கள். முதல் ரவுண்டில் டான்ஸ் மாதிரி ஆடினான். இரண்டாவது ரவுண்டில் எதிராளி முரளியின் விலாவில் ஒரு பாடி பஞ்ச் விட்டான். கிளப்பில் யாருமே அவனுக்குக் கொடுக்காத குத்து. முரளி பந்திக்கு உட்கார்கிறவன்போல் மெதுவாக உட்கார்ந்தான். பத்து எண்ணியும் எழுந்திருக்கவில்லை.

நான் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்த பிரகாசம் ஐந்து நிமிடம் எரிந்தது. நாதன் அதற்கப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முரளி அப்பாவோடு மனை விற்கப் போனான், நன்றாகவே விற்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் யாரையும் ஏமாற்றவில்லை.

4. பேக்கரி

பல வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், அந்த பேக்கரிக்குப் போனேன். அதுவரை எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். ஏழுமலை உள்ளே மாவு மேஜையில் நின்றிருந்தான். தோள் இன்னும் அகன்றிருந்தது. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

உட்காராமலே சொன்னேன். "நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்டா. முரளி பேரத்தான் எழுதினேன்."

"தெரியும் மாஸ்டர். முரளி கல்யாணத்துக்கு நான்தான் கேக் எடுத்துகினு போனேன். நீங்க எழுதுன தாள அவரு நைனா நாதன் கைல கேட்டு வாங்கி, ஃபிரேம் போட்டு வூட்டு ஆல்ல மாட்டி வெச்சிருந்தாரு. படிச்சேன்."

மிச்சத்தையும் அவசரமாகக் கொட்டினேன். "பைய ரெண்டு மாசமா திருப்பலடா. கீழ கல்லா கெடந்துச்சு. அதான் உன் அடி கேக்கல."

"அதுவும் தெரியும். கல்லா கீதுன்னுதான் கீழ அடிப்பேன். கை கெட்டியாவும்ல." மாவை ஒரு முறை புரட்டிப் போட்டான். "ஒண்ணு மட்டும்தான் மாஸ்டர். நான் சேந்த புதுசுல நீங்க பைக்குப் பின்னால தோள குடுத்துப் புடிச்சிப்பீங்க. அன்னிக்கும் புடிப்பீங்கன்னு பாத்தேன். நீங்க நாற்காலி பக்கத்துல நின்னுகினீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தான்.

பையைப் பிடிப்பது கோச்சின் முதல் வேலை. பையன் அடிக்கும்போது பின்னாலிருந்து தோள் கொடுத்தால், ஒவ்வொரு குத்தும் எலும்பில் வந்து சொல்லும். டிராக் சூட்டும் விசிலும் வந்த பிறகு, அது எடுபிடி வேலை என்று விட்டுவிட்டேன். அன்று ஒரு ரவுண்டு பிடித்திருந்தால் போதும், அந்தத் தாளில் வேறு பெயர் இருந்திருக்கும்.

இன்றும் யாராவது இரண்டு பையன்களைக் காட்டி, "யாரு மேல வருவான் மாஸ்டர்?" என்று கேட்கிறார்கள். பையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து கேள் என்கிறேன். இதுவரை ஒருவரும் பிடித்துவிட்டு வந்ததில்லை.