கிள்ளான் ரயிலில் கதை வாசித்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சாயங்காலம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயில். நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்த கால் எனக்குக் கடுத்தது. பக்கத்தில் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். எதிரில் அவருடைய அம்மா. பார்வை மங்கிப்போனவர், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறார்களாம்.

அம்மாவுக்காக அக்கா ஒரு நாவலை உரக்க வாசித்துக்கொண்டு வந்தார். மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியாரின் கதை. வரிக்கு அடியில் விரல் ஊர்ந்துகொண்டே போகும். சில இடங்களில் நிற்கும். பிறகு "மாமியார்" என்பார்.

எட்டிப் பார்த்தேன். அங்கெல்லாம் "அம்மா" என்றுதான் அச்சாகியிருந்தது. மருமகள் இல்லை, மகள்.

அந்த அம்மா கண்ணை மூடியதும் மெதுவாகக் கேட்டேன். எனக்கென்ன வந்தது, சும்மா இருந்திருக்கலாம்.

"ஏங்க்கா மாத்திப் படிக்கிறீங்க?"

"வீட்டுக்குப் போயும் இவங்களோடதானேம்மா இருக்கணும். சண்டை போடத் தெம்பு இல்ல."

எதிரிலிருந்து குரல் வந்தது. கண் திறக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? படி. அந்த மாமியா பேசறதெல்லாம் அசல் நான் பேசற மாதிரியே இருக்கு."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தைப் புரட்டினார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

நான் இறங்க வேண்டிய பத்து தீகா ஸ்டேஷன் வந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தேன். ரயில் நகர்ந்தது. விரல் நகரவில்லை.