பதினேழு மீட்டர் ஆழம்

வெள்ளிக்கிழமை, காலை 5.10. ஒஸ்லோ ரொம்மனில் எங்கள் தொடர்மாடி வாசலில் கார்த்திக் காருடன் நின்றான். மார்ச் பிறந்தும் படிக்கட்டில் ஐஸ் போகவில்லை. கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. கணினி வேலைக்கு ஒஸ்லோ வந்து இரண்டு வருடம். ஐம்பத்தாறு வயதில் நீச்சல் குளத்தில் சிலிண்டர் கட்டிக்கொண்டு முழுகப் பழகப் போன எனக்கு, அங்கே வாய்த்த சோடி அவன். சோடி இல்லாமல் யாரும் நீருக்கடியில் போகக் கூடாது. ஒருவர் மேலே வந்தால் மற்றவரும் வந்தாக வேண்டும். குளத்துப் பயிற்சி முடிந்து, கடலில் முழுகுவதுதான் பாக்கியாக இருந்தது.

"ஒன்பது மணி நேர டிரைவ்ணா. பாட்டு உங்களோடதா, என்னோடதா?"

"பாட்டு வேண்டாம் தம்பி. கதைச்சுக்கொண்டு போவம்."

காலை 9.30. லார்டால் சுரங்கப்பாதை இருபத்து நாலரைக் கிலோமீட்டர். அதற்குள் வைத்துத்தான் நான் ஏன் வருகிறேன் என்று அவனுக்குச் சொன்னேன். என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குப் படகேறியவன். படகு கரை சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகக் கண்ணை மூடினால் கறுப்புத் தண்ணீரும் அதன் அடியில் தனியே கிடக்கும் அவனும்தான். கடலின் அடி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்தக் கடலில் இறங்க எனக்குத் துணிவில்லை. இந்தக் கடலுக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை.

பிற்பகல் 2.40. சொக்னெ ஃபியோர்ட் என்ற நீண்ட கடற்கால் பெருங்கடலோடு சேரும் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை. இரண்டு பக்கமும் செங்குத்து மலை, ஒரு படகுத்துறை, நாலு சிவப்பு வீடுகள். கடை வேண்டுமென்றால் இருபத்தெட்டுக் கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். மூன்று நாளுக்கு, உடை வாடகையோடு, ஆளுக்கு 6,500 குரோனர். வழிகாட்டி மாரித், என் வயதுப் பெண். சிரிப்புக்குப் பஞ்சம், கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சனிக்கிழமை, காலை 10.00. நீரின் வெப்பம் ஐந்து பாகை. போடுகிற உடைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர் பட்டி. இறங்குமுன் மாரித் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "கையில் மணிக்கூடு, காப்பு, ஏதாவது?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

இருந்தது. என் மனைவி கோயிலில் ஐயரிடம் மந்திரித்து வாங்கி வலது கையில் கட்டிவிட்ட நூல். "வீட்டை வரும்வரைக்கும் அவிழ்க்கக் கூடாது" என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். ஏற்கெனவே ஒருவனைக் கடலுக்குக் கொடுத்த குடும்பம் அல்லவா. மெல்லிய நூல்தானே என்று ரப்பருக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

ஒன்பதாவது மீட்டரில் மணிக்கட்டில் ஊசி குத்தியது. பிறகு முழங்கை, பிறகு தோள். நூல் போன வழியே கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. மாரித் என் தோள்பட்டியைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தாள். கார்த்திக்கும் கூடவே ஏற வேண்டியதாயிற்று.

துறையில் உடையைக் கழற்றியபோது எல்லாம் வெளியே வந்தது.

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லணா" என்றான் கார்த்திக். வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாரித் நோர்வேஜிய மொழியில் அமைதியாகச் சொன்னாள்: "தண்ணீர் புகுந்ததை மன்னிப்பேன். இல்லை என்று சொன்னீர்களே, அதற்குப் பிறகு உங்களைக் கீழே கூட்டிப்போக எனக்குப் பயம். நாளை நீங்கள் இறங்கக் கூடாது."

தம்பியின் கதையையும் மனைவிக்குச் செய்த சத்தியத்தையும் அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு என் தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கட்டியவரிடம் கேளுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்."

மாலை 5.00. மனைவிக்குப் போன் அடித்து நடந்ததைச் சொன்னேன்.

"அது கையிலை கிடந்தால் தண்ணி வருமெண்டு வடிவாத் தெரியுமோ?"

"ஓம். இண்டைக்கு வந்தது."

"அப்ப அவிழ்த்துச் சாமிப் படம் வைச்சிருக்கிற பேர்ஸுக்கை வையுங்கோ. எத்தினை மணிக்கு இறங்கிறியள்? நான் இஞ்சை விளக்கேத்திப்போட்டு இருக்கிறன். ஏறின உடனை அடியுங்கோ."

ஞாயிறு, காலை 10.20. என் இரண்டு கைகளையும் மாரித் தானே தடவிப் பார்த்தாள். "வாருங்கள்" என்றாள்.

மேலே இரண்டு மீட்டர் மழைநீர் கலந்து கலங்கல். அதைத் தாண்டியதும் கண்ணாடிபோலத் தெளிந்தது. எட்டு, பன்னிரண்டு, பதினேழு. ஒரு பாறைத் தட்டில் முழங்காலிட்டோம். பாறை முழுவதும் வெள்ளையாய், கொழுத்த விரல்களைப்போல் மென்பவளங்கள். இறந்தவன் கை என்று இந்த ஊரார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மாரித் முதலே சொல்லியிருந்தாள். பயந்துகொண்டுதான் கிட்டப் போனேன். ஒவ்வொரு விரலிலும் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் விரிந்து நீரில் அசைந்தன. ஒரு நண்டு அதனூடே தன் பாட்டுக்கு நடந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சையாய், மெல்லியதாய், மேலிருந்து பகல் இறங்கிக்கொண்டிருந்தது. முகமூடிக்குள் அழுதேன். துடைக்க வழியில்லை. கார்த்திக் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

காலை 11.30. மனைவிக்குப் போன் அடித்துச் சொன்ன பிறகு, முழுகுபவர் எல்லாரும் நிரப்ப வேண்டிய பதிவுப் புத்தகத்தை மாரித் தந்தாள். ஆழம்: 17 மீட்டர். நேரம்: 28 நிமிடம். கண்டவை என்ற இடத்தில் கார்த்திக் நண்டு, பவளம் என்று எழுதினான். என் பேனா நின்றுவிட்டது.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து போன்ல பாத்தேன். உங்க தம்பி போன அந்தப் பாக்கு நீரிணை பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு மீட்டர்தாண்ணா. நாம இன்னிக்கு அதைவிட ஆழம் போயிட்டு வந்திருக்கோம்."

நான் தமிழில் எழுதினேன்: அடியில் வெளிச்சம் இருக்கிறது.

கீழே, உடன் இறங்கியவர் ஒப்பமிட வேண்டிய இடத்தில், கார்த்திக் தன் பெயரை எழுதினான்.