மூச்சு ஓட்டை

அம்மா தண்ணீரில் அமுக்கிப் பார்த்து அனுப்பிய விளக்கு ஒன்றுகூடக் கம்பெனிக்குத் திரும்பி வந்ததில்லை. இதை அம்மா சொல்லிக்கொள்ள மாட்டாள். அவளோடு வேலைக்குப் போய்வந்த அக்காக்கள்தான் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்குப் பின்விளக்கு செய்கிற கம்பெனி அது. செய்து முடித்த விளக்கில் தண்ணீர் புகுமா என்று சோதிக்கிற இடத்தில் அம்மா நின்றாள். எட்டு மணி நேரமும் கை ஈரத்திலேயே இருக்கும். வீட்டுக்கு வந்து என் தலையைத் தொட்டால் விரல் நுனிகள் சுருங்கிப்போய்ச் சில்லென்றிருக்கும்.

ஒவ்வொரு விளக்கின் அடியிலும் பென்சில் முனை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. உள்ளே ஈரம் தங்காமல் வெளியே போவதற்காக வைத்தது. கம்பெனிப் பெண்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மூச்சு ஓட்டை. சோதிக்கும்போது அதை ஒரு ரப்பர் மூடியால் அடைத்து, விளக்குக்குள் காற்றை ஏற்றித் தொட்டியில் அமுக்குவார்கள். குமிழி வந்தால் ஒழுகல். வராவிட்டால் அம்மா ஒரு மஞ்சள் புள்ளி வைத்து அனுப்பிவிடுவாள். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு என் சாப்பாட்டு டப்பாவையும் துணி ஊறவைத்த பக்கெட்டையும் வைத்து நடித்துக் காட்டினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"மொதல்ல மூச்சு ஓட்டைய அடைக்கணும். அதாண்டி மொத வேல" என்றாள்.

சோதித்து முடித்ததும் அந்த மூடியைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாத விஷயம் என்று நினைத்திருப்பாள். நானும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தலையாட்டினேன். அந்த வயதில் நான் தலையாட்டாத விஷயமே கிடையாது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். நைனா சொந்தமாக ஒரு பழைய வேன் வைத்து, எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் ஆட்களைக் கும்மிடிப்பூண்டிக்கு ஏற்றிப் போய் இறக்குவார். அம்மாவும் அதில்தான் போவாள், மற்றவர்களைப் போல டிரைவரோடு பேசாமல், ஜன்னலோரமாக. அந்த மழைக்காலத்தில் வேனின் வலப்பக்கப் பின்விளக்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் உள்பக்கமெல்லாம் ஆவி படர்ந்து முத்து முத்தாக நிற்கும். நைனா பிரேக்கை மிதித்தால் சிவப்பு வெளிச்சம் மங்கி, அணையப்போகிற அடுப்பு மாதிரி தெரியும்.

அம்மா ஒரு வழிதான் சொன்னாள். கண்ணாடிக்கும் கூட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் செத்துவிட்டது, புதிதாக மாற்றவேண்டும். நைனா வேறு ஒன்பது வழி வைத்திருந்தார். விளக்கைக் கழற்றி வெயிலில் வைத்தார். வாயால் ஊதினார். ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டுக் குலுக்கினார். புதுச் செருப்பு டப்பாவிலும் மாத்திரை டப்பாவிலும் இருந்து, ஈரத்தை இழுக்கும் 'சாப்பிடாதே' பொட்டலங்களைச் சேர்த்து வைத்து அதற்குள் திணித்தார். இரண்டே நாளில் பொட்டலங்களும் ஊறி, விளக்குக்குள் சேர்ந்து நீந்தின. அம்மா வாய்க்குள் சிரித்துவிட்டாள். நைனாவுக்குச் சுருக்கென்றது.

"ஊட்டுக்கு ஊடு இஞ்சினியரு ஆயிட்டாங்கப்பா" என்று யாருமில்லாத தெருவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அந்த விளக்குதான் வீட்டில் சண்டை. கம்பெனி வாசலில் வண்டிகளைப் பார்க்கிறவர், விளக்கைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த வாரம் முதல் வேனை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வேன் ஓடாவிட்டால் எங்கள் வீடும் ஓடாது. அம்மா சொன்னதைச் செய்ய நைனாவுக்கு மனம் வரவில்லை. அவர் செய்தது எதுவும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இந்தக் காரியத்தை முடித்துவைக்கத் தகுதியான ஆள் நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விளக்கு வாசற்படியில் காய்ந்துகொண்டிருந்தது. நைனா தூங்கினார், அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா சொன்ன அதே இடத்தில், அதே ஓட்டை, திறந்தே கிடந்தது. பெரியவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் முதல் வேலையை யாருமே செய்யவில்லை! தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைக்கிற பசை அலமாரியில் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு துண்டு. சேர்த்துப் பிசைந்து வைத்தால் கல்லாகிவிடும். சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். சாயங்காலம் நைனா அவசரமாக விளக்கைப் பூட்டிக்கொண்டு போனார். அடிப்பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. விளக்கு சரியான பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஆச்சரியப்படட்டும் என்று காத்திருந்தேன்.

மழை விடாமல் பெய்தது. ரப்பர் வழியாக உள்ளே போன தண்ணீர், இப்போது போக வழியில்லாமல் உள்ளேயே நிறைந்திருக்கிறது. வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம், கவரைப்பேட்டைக்கு இந்தப் பக்கம், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நைனா வேனை ஓரம் கட்டியிருக்கிறார். பின்கதவு சரியாக மூடவில்லை என்று இறங்கிப் போய் அதை இழுத்துச் சாத்தியிருக்கிறார். பின்னால் வந்த லோடு லாரிக்கு மழையில் எதுவும் தெரியவில்லை, வந்து மோதிவிட்டது. வலப்பக்க விளக்கு எரியவே இல்லை என்று அந்த டிரைவர் அழுதுகொண்டே சொன்னாராம். நைனாவின் உயிர் தப்பியது, வலது கால் தப்பவில்லை. முட்டிக்குக் கீழே கம்பி வைத்துக் கட்டினார்கள். அந்தக் கால் அதன்பிறகு பிரேக்கை மிதிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நைனா வீட்டுக்கு வந்தார். மறுநாள் மெக்கானிக்கும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க வந்தார்கள். மெக்கானிக்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"லைட்டுல பாதிக்குத் தண்ணிண்ணா. பல்பு மாட்ற இடமே துருப்பிடிச்சிப் போச்சி. எவனோ அடி ஓட்டைய அடைச்சி வச்சிகிறான்."

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். நைனா கூடத்திலிருந்த எல்லாரையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"யாரு அடைச்சது?"

"நான்தான்" என்றாள் அம்மா. "வேற எப்பிடியும் நிக்கல. அடைச்சா நிக்கும்னு அடைச்சிட்டேன்."

நைனா கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கம்பெனியில் இத்தனை வருஷம் என்ன கிழித்தாய் என்று கேட்டார். அம்மா தலை குனிந்து நின்றாள். எனக்கோ, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஈரத்தில் ஒட்டாது என்று பசை உறையில் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. விளக்கில் அன்றைக்கு ஈரம் இருந்தது. ஆகவே நான் வைத்தது விழுந்துவிட்டது, அம்மா வைத்ததுதான் நின்றிருக்கிறது. அந்தக் கணக்கை நானே போட்டு நானே சரி என்று முடித்தேன். பிறகு எழுந்து போய் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். நைனா என் தலையைத் தடவிக்கொடுத்தார். தடவிக்கொண்டே என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார்.

அதன்பிறகு நைனா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "தண்ணி கேளு", "மாத்திர எங்கன்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகத்தான். நானும் அம்மாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவள் தலைவாரி விட வந்தால் சீப்பைப் பிடுங்கிக்கொள்வேன். கம்பெனியிலும் செய்தி பரவிவிட்டது. விளக்கு சோதிக்கிறவளே மூச்சு ஓட்டையை அடைத்தாள் என்று சிரித்தார்கள். 'மூச்சு ஓட்டை அக்கா' என்பது அவளுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

ஒருநாள் வயிற்றுவலி என்று பள்ளியிலிருந்து பாதியிலேயே வந்தேன். உள்ளே இருவரும் மெதுவாகப் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அம்மா எதற்கோ சிரித்தாள். நான் வாசலில் செருப்பை விட்டதும் பேச்சு நின்றது. உள்ளே போனபோது நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அம்மா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கணக்கில் சேர்க்காமல், தனியாக இருக்கும்போதுகூட அவளைத் திட்டுகிறார் போல என்று நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

நைனா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சென்ற மழையில், நான் வாங்கிய பழைய காரின் பின்விளக்கில் ஆவி படர்ந்தது. அம்மா குனிந்து, விளக்கின் அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

"ரப்பர மாத்திடு. இந்த ஓட்டைய மட்டும் தொடாத" என்றாள்.

"ஆமா, அடைச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்றேன். எத்தனையோ வருடமாக நான் அவளைக் குத்துகிற குத்து அது. எப்போதும் சிரித்துவிட்டுப் போவாள். அன்றைக்குப் போகவில்லை. என் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இத்தினியூண்டு இருந்துச்சிடி இது. அந்தப் பசையில ரேக அப்பிடியே பதிஞ்சிருந்துச்சி."

கையை இழுத்துக்கொண்டேன். பிறகு நைனாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவருதான மொதல்ல பாத்தாரு. மெக்கானிக்கு ஆஸ்பத்திரிக்கே லைட்ட எட்த்துக்கினு வந்தான். பசையப் பேத்து என் கையில குட்த்து, 'கொயந்தைக்குத் தெரிய வாணாம், இவன் பேச்ச எடுக்கட்டும், நீ அடைச்சன்னு சொல்லு, நான் கத்துறேன், அப்பத்தான் நம்பும்'னாரு." அம்மா விளக்கைத் துணியால் துடைத்தாள். "நல்லாத்தான் கத்தினாரு."

இரண்டு பேரும் எனக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு என் தலையைத் தடவிக்கொண்டே நைனா அம்மாவைப் பார்த்த பார்வையில், என் முதுகுக்குப் பின்னால் நின்றவளிடம் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் அவள் முகத்திலாவது தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.