சால்வை பட்ட பந்து

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கருக்கு அண்டை அயல் கிடையாது. மேலே துரை பங்களா. அங்கே படியிலேயே நின்று பேசிவிட்டு இறங்க வேண்டும். கீழே கூலியாட்கள் குடியிருக்கும் லயங்கள், அங்கே நான் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள், பேச்சும் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு, அதில் ஓர் ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அந்த இடிகூடக் கிடைக்கவில்லை. என்னை யாரும் தொடவே இல்லை.

இலங்கை மலைநாட்டில், பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். பக்கத்துத் தோட்டத்துப் பாக்டரிக்கு, தேயிலை பக்குவம் பார்க்கிற டீமேக்கர் ஒருவர் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டாயிற்று. அவரும் திருச்சிப் பக்கத்துக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர். பாதை பிரிகிற இடத்தில் எனக்காகக் காத்து நிற்பார். “வாங்க கிளாக்கரே, இந்த வாரம் யார்கிட்டயாவது பேசுனீங்களா?” என்பார். “தொரைகிட்ட ‘சரிங்க’ன்னு சொன்னேன்” என்பேன். அவர் சிரிப்பார். அதற்குப் பிறகு பசறை வரைக்கும் பேசிக்கொண்டே நடப்போம். உண்மையைச் சொன்னால், மற்ற ஆறு நாளையும் நான் அந்த நடைக்காகத்தான் கழித்தேன்.

பசறையில் எங்களுக்குப் போக்கிடம் ஒரு அரிசிக் கடையின் பின்னறை. சீமைக்குத் திரும்பிய யாரோ ஒரு துரையின் சாமான்கள் ஏலம் போனபோது கடை முதலாளி பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றை எடுத்துவிட்டார். எதற்கு எடுத்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. கிடங்கில் மூட்டைகளைத் தள்ளி மேசையைப் போட்டு, தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் ஞாயிறு பகலில் வந்து கோலால் பந்தைக் குழியில் தள்ளி ஆடலாம் என்று விட்டுவிட்டார். மேசை ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்.

மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து அரசாங்கக் கச்சேரிக் குமாஸ்தாக்கள் வண்டி கட்டிக்கொண்டு போட்டிக்கு வருவார்கள். அவர்கள் ஒரு கட்சி, மலைக்காரர்கள் நாங்கள் ஒரு கட்சி. என்னை மட்டும் எந்தக் கட்சியிலும் சேர்க்கவில்லை. ஒன்று, நான் கோலைப் பிடித்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. இன்னொன்று, நான் யாரோடும் ஒட்டாதவன் என்று பெயர். யாருக்கும் வேண்டாதவன் எல்லோருக்கும் பொதுவானவன் அல்லவா? நடுவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆட்ட விதிகள் எல்லாம் காற்சட்டை, சப்பாத்து போட்டவர்கள் எழுதியவை. எங்களில் பாதிப் பேர் வேட்டி, வெறுங்கால். ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. குள்ளமான ஒரு கணக்கப்பிள்ளை மேசை மேல் எட்டிப் படுத்துக்கொண்டு அடிப்பார். கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கால் தூக்கிவிட்டது, ஃபவுல் என்று பதுளைக்காரர்கள் எகிறினார்கள். கட்டைவிரலும் கால்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னைக் கண்டால் கும்பிடுவார், ஆனால் பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்.

சண்டை வந்தால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதலில், அடித்தவரையே கேட்போம். கையோ துணியோ பந்தில் பட்டது என்று அவர் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. தெரியாது என்றால் நடுவரைக் கேட்போம். நடுவர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லலாம். சந்தேகம் என்றால் அடித்தவருக்குச் சாதகம். வேடிக்கை பார்ப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் அடுத்த அடிக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். அடுத்த பந்து ஓடிவிட்டால் பழைய தப்பு செத்துப்போயிற்று.

மார்கழியில் ஒரு ஞாயிறு. மலை முழுக்கப் பனிமூட்டம், இடையிடையே தூறல். டீமேக்கருக்கு இருமல். இலை காய வைக்கிற சூட்டிலிருந்து குளிருக்கு வெளியே வருகிறவர்களுக்கு வருகிற இருமல் அது. வழியில் என் கம்பளிச் சால்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். “எனக்கெதுக்குங்க” என்றார், ஆனால் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அன்றைய போட்டி சமமாகவே போய்க் கடைசி ஆட்டத்துக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆடியவர் டீமேக்கர். அதுவரை பதுளைக்காரர்களை நாங்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மேசையில் மிச்சம் ஒரு பந்து, கூடவே அடிக்கிற வெள்ளைப் பந்து. அவர் குனிந்து எட்டினார். சால்வையின் ஓரம் தோளிலிருந்து நழுவி வெள்ளைப் பந்தின் மேல் விழுந்து, உடனே விலகியது. பந்து அசையவில்லை. அடித்தார். மற்றப் பந்து நேரே குழிக்குள் போனது.

எங்கள் ஆட்கள் கையைத் தட்டினார்கள். எதிரே ஆடிய பதுளைக் குமாஸ்தா கோலை மேசையில் வைத்தார்.

“துணி பட்டுது” என்றார். “உடுப்பு பட்டாலும் ஃபவுல்தான்.”

வழக்கப்படி டீமேக்கரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “எனக்குத் தெரியலீங்க” என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சந்தேகத்தின் சாதகம் அவருக்குப் போயிருக்கும். ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை. பார்த்தேன். என்னைக் கேட்டுவிட்டார்கள்.

“பட்டுச்சு” என்றேன். “ஃபவுல்.”

குழிக்குள் போன பந்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். பதுளைக்காரர் அடித்து முடித்தார். தோற்றோம். “சால்வ அவரோடது, ஃபவுல் உங்களோடதா?” என்று கணக்கப்பிள்ளை டீமேக்கரைக் கேலி செய்தார். டீமேக்கரும் கூடவே சிரித்தார். பதுளைக்காரர்கள் என் கையைக் குலுக்கி, இந்த மாதிரி நடுவரைப் பார்த்ததில்லை என்றார்கள். எனக்குக்கூட ஒரு கணம் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. திரும்பும்போது டீமேக்கர் இருமல் அதிகம் என்று ஒரு வண்டியில் ஏறிக்கொண்டார். நான் தனியாக நடந்தேன்.

அடுத்த ஞாயிறு பாதை பிரிகிற இடத்தில் அவர் இல்லை. பாக்டரியில் வேலை என்று ஆள் சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறும் வேலை. தை பிறந்தும் வேலை ஓயவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு பகலில் நானே அவருடைய பாக்டரிக்குப் போனேன்.

“வாங்க கிளாக்கரே, உட்காருங்க” என்று நாற்காலி போட்டார். தேத்தண்ணி வந்தது. துரையின் சௌகரியத்தை விசாரித்தார். வேற்றாளிடம் பேசுவது போலப் பேசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு ஆட்டம் தோத்ததுக்கா இவ்வளவும்?” என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஆட்டம் கெடக்குதுங்க. பட்டது எனக்கும் தெரியும். துணி நழுவுனது தோள்லயே தெரிஞ்சுச்சு.”

“அப்ப ஏன் தெரியலன்னு சொன்னீங்க?”

“பந்து அசையல. அதுனால யாருக்கும் ஒன்னும் கொறையல. நீங்க பாத்துட்டீங்கன்னும் எனக்குத் தெரியும். சொல்லுவீங்களா, மாட்டீங்களான்னு நின்னேன்.” கொஞ்சம் இருமினார். “இந்த மலையில நமக்குன்னு ஒருத்தர் இருக்காரான்னு தெரிஞ்சுக்க வேற வழி தெரியலீங்க.”

“கேட்டாங்க. பாத்தேன். சொன்னேன்” என்றேன்.

“ஆமாங்க. சொன்னீங்க.”

அவரிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வாரம் முழுவதும் நான் எதற்காக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் வேறு, பாதையில் கூட நடந்தவன் வேறு என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கே முழுக்க நம்பிக்கை இல்லாத வாதம். இன்றைக்குக் கேட்டாலும் பட்டுச்சு என்றுதான் சொல்வேன். அதுவும் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மறு ஞாயிறும் பசறைக்கு இறங்கினேன். வேறு எங்கே போவேன்? கிடங்குக்குள் நுழைந்ததும் பேச்சு கொஞ்சம் தணிந்தது, லயத்தில் தணிவது போலவே. நடுவர் நாற்காலியைத் துடைத்து, மற்றவர்கள் உட்காரும் பலகையிலிருந்து தள்ளி, தனியாகப் போட்டிருந்தார்கள். மரியாதைதான். நான் போய் அதில் உட்கார்ந்தேன்.