வாய் திறக்காத தையல்காரி

வேற்று நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கு ஆலையின் சாப்பாட்டு அறையில் மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு ஆறு வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. புதிதாகக் கற்பவர்கள் முதலில் காதால் கேட்கட்டும், பேசச் சொல்லி நெருக்கக்கூடாது, பேச ஆரம்பித்ததும் பிழை திருத்தக்கூடாது என்று பயிற்சியில் படித்திருந்தாள். "நில்லு", "எடு", "கொடு" என்று செய்துகாட்டியே நடத்தினாள். மற்றவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். தையல்காரி ஒருத்தி மட்டும் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தாள், வாய் திறக்கவில்லை.

"என்னம்மா, அந்தப் பொண்ணு ஊமையா? அடுத்த வாரம் நானே வந்து பாக்குறேன்," என்றார் மேலாளர்.

அந்தப் பயத்தில் டீச்சர் படித்ததையெல்லாம் காற்றில் பறக்கவிட்டாள். மறுநாள் எல்லார் முன்னாலும், "உங்க பேரைச் சொல்லுங்க. சொல்லுங்களேன்!" என்று விரட்டினாள். தையல்காரியின் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் தையல்காரி தாமதமாக வந்தாள். அவள் நாற்காலியில் கூடப் படிக்கும் சுமைதூக்கி ஒருவன் உட்கார்ந்திருந்தான். டீச்சர் எதுவும் கேட்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எந்திரி! இது என் இடம். நீ அங்க போறேன்!"

கேட்டுப் பழகாத குரல். 'போறேன்' இல்லை, 'போ' என்று திருத்த டீச்சரின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுத்தமாக இருந்த பலகையை மறுபடியும் துடைத்தாள்.