கிழிந்த படங்கில் போட்ட மலை

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கோத்தகிரியிலிருந்து கூடலூர் வரைக்கும் கடைப் பலகைகளைப் பாருங்கள். நேராக நிற்கிற எழுத்தெல்லாம் என்னுடையது, கோணலாக இருப்பது மற்றவர்களுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. யாரும் கற்றுத் தரவில்லை. பார்த்தேன், போட்டேன், வந்தது.

கப்பலில் வந்த குடும்பம் எங்களுடையது. இலங்கையில் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரன் ஆகிவிட்டோம். அந்த இரண்டு பெயரையும் நான் எந்தப் பலகையிலும் எழுத மாட்டேன்.

எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடக் கற்றுத் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள். செடியின் மேல்மட்டம் கோணாமல் பறித்துப் பழகிய கை. கோடு தானாக வரும். பெயின்ட் மட்டுமல்ல, தேயிலைத் தூள், சாக்கு, உடைந்த வளையல் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுவோம்.

போன சீசனுக்கு முன்னால் ஊட்டி விடுதிக்காரர் ஒருவர் வந்து, தன் வரவேற்பறையின் பெரிய சுவரை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். மலையின் மக்களைப் படமாக்க வேண்டுமாம். எங்கள் வகுப்புக்குக் கிடைத்த முதல் வெளிச்சுவர் அது. கூடத்தில் ஒரே கூச்சல்.

துணியில் செய்து மாட்டலாம் என்று பெண்களிடம் படங்கு கேட்டேன். செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டைத்தான் படங்கு என்போம். ஒருத்திகூட நல்லதைத் தரவில்லை.

“நல்லதைக் குடுத்துட்டா நாளைக்கு மழையில நீங்களா மாஸ்டர் கொழுந்து எடுக்கப் போறீங்க?” என்றாள், வகுப்பிலேயே வாய் நீண்டவள். கோயமுத்தூரில் படிக்கும் மகளிடம், வந்து சுவரைப் பார் என்று முதலில் போன் போட்டவளும் அவள்தான்.

கிழிந்தவற்றைத் தைத்து ஒன்றாக்கினோம். விடுதிக்காரர் கேட்ட தோடர், படகர், வெள்ளைக்காரத் துரை, ரயில் எல்லாம் வைத்தோம். நடுவில் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளையும், மழையில் வரிசையாக நிற்கும் எங்கள் பெண்களையும் வைத்தோம்.

மாட்டிய அன்று விடுதிக்காரர் கைகட்டி நின்று பார்த்தார்.

“ஏனுங்க பெரியவரே, எல்லாம் ஜோரா இருக்குதுங்க. நடுவால இருக்கறத மட்டும் எடுத்துப்போட்டு, பூ வெச்சுருங்க.”

“ஏன், எங்க மூஞ்சி நல்லா இல்லையா?”

“அதுக்கில்லீங்க. நீங்கெல்லாம் பொறவு வந்தவங்கதானுங்களே. வர்றவங்க பழைய மலையத்தான் பாக்க ஆசப்படுவாங்க.”

“துரை மட்டும் இங்கயே முளைச்சவரா?” என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். பூ வைத்தால் சுவர் உங்களுக்கு, இல்லையென்றால் இல்லை என்றார்.

நான் பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். என் ஒருவனுடைய படமாக இருந்தால் அந்த நிமிஷமே இறக்கியிருப்பேன். ஆசைப்பட்டவர்கள் அவர்கள். வாய் நீண்டவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“மாஸ்டர், அந்தப் பக்கம் பிடிங்க.”

“என்னத்துக்கு?”

“கழட்டத்தான். நம்மளயே வெட்டி எறியவா ஞாயித்துக்கிழமை எல்லாம் உக்காந்து தைச்சோம்?”

சுருட்டி ஜீப்பின் கூரைமேல் கட்டினோம். வழியெல்லாம் மழை. படங்கு அல்லவா, ஒரு துளி உள்ளே இறங்கவில்லை. பெரிய காலேஜில் படித்த எந்த ஓவியன் தன் படத்தை ஊட்டி மழையில் அப்படிக் கொண்டுவந்திருக்கிறான், சொல்லுங்கள்?

எங்கள் காலனிப் பேருந்து நிழற்குடை கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது. எந்த வண்டியானாலும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதன் பின்சுவர் முழுக்க மாட்டினோம். வாய் நீண்டவளின் மகள் பஸ்ஸை விட்டு இறங்கியதே அம்மாவின் முகத்துக்கு எதிரில்தான். சுற்றுலா வந்தவர்களும் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள்.

விடுதிக்காரரின் கார் அந்த வழியாகத்தான் போகிறது. வளைவு வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். ஏற்றிக்கொள்ளட்டும். கண்ணாடிக்குள் இருந்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுகிறவன் நான்.